நீதிமன்றத்துக்கு வாங்கத் தெரிந்தவர் வேண்டும்

மின் நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்காக 7,210 கோடி ரூபாய்க்கு ஒன்றிய அமைச்சரவை 2023 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. வழக்குக் கட்டுகளை ஸ்கேன் செய்து பாதுகாக்க மட்டும் அதில் 2,000 கோடிக்கு மேல். இவ்வளவு பெரிய தொகை நல்ல கருவியாகவும் சேவையாகவும் மாறுமா என்பதைத் தீர்மானிப்பவர், ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தை எழுதும் ஊழியர். அந்த வேலையை மற்றப் பொறுப்புகளோடு சேர்த்துச் சுமத்திவிட்டு, மாறுதலில் வருபவர் கற்றுக்கொள்வார் என்று விடுவது சரியல்ல; அதற்கெனப் பயிற்சி பெற்ற கொள்முதல் நிபுணர் வேண்டும். குறைந்த விலைக்காரருக்கே ஆணை தரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தும்போது நிபுணர் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் அப்படி மொட்டையாகச் சொல்லவில்லை. ஆவணத்தில் குறிப்பிட்ட, அளவிடத்தக்க காரணிகளின்படி மதிப்பிட்ட பிறகே எது குறைந்தது என்று பார்க்கச் சொல்கிறது. பராமரிப்புச் செலவு, உதிரிபாகம், பழுதுநீக்கும் கால வரம்பு ஆகியவற்றை முன்கூட்டியே எழுதாவிட்டால் அவை கணக்கில் வராது. மலிவாக வந்த ஸ்கேனர் முடங்கினால் சான்றிட்ட நகலுக்குக் காத்திருப்பவர் வழக்காடி. பிணை மனுவென்றால் சிறையில் இருப்பவர்.

புதிய பணியிடம் வீண்செலவு என்பது இன்னொரு வாதம். மாவட்டந்தோறும் ஒருவர் தேவையில்லை. உயர் நீதிமன்றத்தில் பயிற்சி பெற்ற சிறு குழு, எல்லா மாவட்டங்களுக்கும் மாதிரி விவரக்குறிப்புகளும் விலை ஒப்பீடும் தந்தால் போதும். நீதித்துறையின் சுதந்திரம் பாதிக்கப்படும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. குழு பதிவாளருக்கே கட்டுப்பட்டிருக்கும்; விவரக்குறிப்பு எழுதுபவரும் பொருளைச் சரிபார்த்து ஏற்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கவேண்டும். அடுத்த நிதியாண்டின் கொள்முதலுக்கு முன்பே இக்குழுவை அமைக்கவேண்டும்.