கண்ணீருக்கு நடுவே விளம்பரம்!

"சீரியல் பார்க்கிற பெண்டுகளை வைத்துக்கொண்டு சங்கம் நடத்த முடியாது, தோழர்!" என்று பஞ்சாலைத் தோழர் ஒருவர் நம்மிடம் சலித்துக்கொண்டார். மாலை 7 மணிக்குக் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டினார்களாம். பெண் தொழிலாளர்களில் மூன்றே பேர் வந்தார்களாம். மற்றவர்களெல்லாம் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்களாம்!

தோழரின் கோபம் நமக்குப் புரிகிறது. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் தவறு. விடியுமுன் எழுந்து சோறாக்கி, பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பி, எட்டு மணி நேரம் ரிங் பிரேமைச் சுற்றி நடந்து, அறுந்த நூலை ஒட்டி ஒட்டி விரல் தேய்ந்து வீடு திரும்புகிறவள் அரை மணி நேரம் உட்கார்ந்தால் குற்றமா? நாள் முழுதும் சேற்றில் குனிந்து நாற்று நட்டவள் சுவரில் முதுகைச் சாய்த்தால் பாவமா? ஆண் தோழர்கள் டீக்கடையில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பதை யாராவது கணக்கெடுத்தார்களா?

நாமும் சீரியல் பார்க்கிறவர்கள்தான். ஒளிப்பானேன்? பார்ப்பதனால்தான் பேசுகிறோம்.

முதலில் அந்த நடை! ஆமை கூட வெட்கப்படும். கதவு திறக்கிறது. மாமியார் திரும்புகிறாள். இடி முழங்குகிறது. மருமகள் திரும்புகிறாள். மீண்டும் இடி. வீட்டிலுள்ள பதினோரு பேர் முகத்தையும் மூன்று மூன்று தடவை காட்டுகிறார்கள். வந்தவர் யார் என்பது நாளைக்குத்தான் தெரியும். ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட ஒரு மாதம். அது கள்ளக் கையெழுத்து என்று கண்டுபிடிக்க இன்னொரு மாதம்.

கதை எழுதுகிறவர்களுக்குத் தெரியாமலா இது நடக்கிறது? இல்லை. கதையைச் சுருங்கச் சொல்லும் திறமை தமிழனுக்கு உண்டு. பாலுமகேந்திரா "கதை நேரம்" என்று அதே சன் டிவியில், வாரம் ஒரு தமிழ்ச் சிறுகதையை எடுத்து அன்றைக்கே முடித்துக் காட்டவில்லையா? பின் ஏன் 2003-ல் தொடங்கிய "கோலங்கள்" 2009 வரை, 1500 அத்தியாயங்களைத் தாண்டி ஓடியது? அது தொடங்கியபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, அது முடிந்தபோது ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டது!

காரணம் கலையில் இல்லை, கல்லாப் பெட்டியில் இருக்கிறது. டெலிவிஷன் முதலாளி விற்கிற சரக்கு கதை அல்ல. பத்துப் பத்து விநாடியாக நறுக்கி அவர் விற்பது நம்முடைய கண்ணை! நகைக் கடைக்காரரும் சோப்புக் கம்பெனியும் அதை வாங்குகிறார்கள். ஒரு மணி நேரத்தில் 12 நிமிஷத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று கேபிள் டெலிவிஷன் விதி சொல்கிறது. அந்தக் கணக்கில் அரை மணி சீரியலில் 6 நிமிஷம் போக 24 நிமிஷம். டைட்டில் பாட்டும் நேற்று நடந்ததன் சுருக்கமும் அதிலேயே அடக்கம். மிச்சத்தில்தான் கதை. கூட்டம் சேர்ந்துவிட்ட கதையை முடித்தால் கடையை அல்லவா மூட வேண்டும்? ஆகவே இழு, இன்னும் இழு!

ஸ்பின்னிங் தொழிலாளிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பஞ்சை இழுக்க இழுக்க நூல் மெலியும், கவுண்ட் ஏறும். அளவுக்கு மேல் இழுத்தால் அறுந்துபோகும். சீரியல் அறுந்தாலும் ஒட்டுவதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள் - செத்தவன் உயிரோடு திரும்பி வருவான்!

சரி, அங்கே நடமாடும் மனிதர்கள் யார்? பங்களாவில் பிறக்கிறார்கள், பட்டுப்புடவையோடு தூங்கி எழுகிறார்கள். "கம்பெனி" என்று ஒன்று அவர்களுக்கு இருக்கிறது. அங்கே என்ன உற்பத்தியாகிறது என்று ஆண்டவனுக்கும் தெரியாது! பைலில் கையெழுத்துப் போடுவதே அங்கு உழைப்பு. தொழிலாளி என்று எவனாவது தலைகாட்டினால், பெரும்பாலும் வில்லன் தூண்டிவிட்ட வேலைநிறுத்தத்தில் கோஷம் போடத்தான். கூலி போதவில்லை என்பதால் வேலைநிறுத்தம் நடந்ததாக ஒரு கதை உண்டா?

எல்லாமே குப்பை என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பார்க்கிற ஜனங்களை அவமதிப்பதாகும். 2002 முதல் 2005 வரை வந்த "மெட்டி ஒலி"யில் ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பன் சிதம்பரத்தைக் கண்டு நம் வீடுகளில் அழுதார்கள் என்றால், அந்தத் தகப்பன் நம் தெருவிலும் இருந்தான் என்பதால்தான். 2022-ல் தொடங்கிய "எதிர்நீச்சல்" இன்னும் ஒரு படி மேலே போயிற்று. படித்த பெண்களை மருமகளாகக் கொண்டுவந்து வீட்டுக்குள் பூட்டிவைக்கும் ஆதி குணசேகரன் என்ற கொடுங்கோலனை அது நடுக்கூடத்தில் நிறுத்தியது. மாரிமுத்து அந்த வேடத்தில் நடித்தார் என்று சொல்வது போதாது. நாம் அறிந்த நூறு ஆண்களை உரித்துக் காட்டினார். 2023 செப்டம்பர் 8-ம் தேதி அவர் மறைந்தபோது பெண்கள் அந்தக் "கொடியவனு"க்காகவே கண் கலங்கினார்கள். நடிப்புக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் அந்தக் கதையும் எங்கே போய்ச் சிக்கிக்கொண்டது? அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கில்! பெண் விடுதலை என்று புறப்பட்டது சொத்து வழக்காக மாறி மாதக்கணக்கில் சுற்றியது. பங்கு யாருக்கு என்பதே கேள்வியாயிற்று. பங்கே இல்லாதவள் என்ன செய்வாள் என்ற கேள்வி எழவே இல்லை.

அவள் கதை இல்லாமலா போயிற்று? கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரங்களில் "சுமங்கலித் திட்டம்" என்று நடந்ததே! மூன்று வருஷம் மில் விடுதியில் கிட. முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிக் கிராமத்துப் பெண்களைக் கொண்டுவந்தார்கள். கேட்டுக்கு வெளியே போக அனுமதி வேண்டும். வருஷம் முடியுமுன் உடம்பு கெட்டு வீடு திரும்பியவள் அந்தப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். கல்யாணம் இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது, வில்லன் இருக்கிறான். சீரியலுக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது! எடுக்கத்தான் ஆளில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு பெண் தொழிலாளி சொன்னார்: "அந்த வீட்டு மருமக அழுதா ஆயிரம் பேரு கேக்குறாங்க. நான் அழுதா 'சைடைப் பாரு'ன்னு சூப்பர்வைசர் கத்துறான், அண்ணே."

"பொழுதுபோக்கில் அரசியலைக் கலக்காதீர்கள்" என்று உபதேசிக்கிறவர்கள் உண்டு. கலந்தது யார்? 1987 ஜனவரியில் டில்லி சர்க்காரின் தூர்தர்ஷன் ராமாயணத் தொடரைத் தொடங்கியது. ஞாயிறு காலைகளில் தேசமே அதைப் பார்த்தது. 1989-ல் பாரதிய ஜனதா கட்சி அயோத்தியில் கோயில் என்று தீர்மானம் போட்டது. 1991-ல் அந்தத் தொடரின் சீதையும் இராவணனும் அதே கட்சியின் டிக்கெட்டில் பார்லிமெண்டுக்குப் போனார்கள்! ராமனாக நடித்தவர் 2024-ல் மீரட்டில் அதே கட்சிக்காக நின்று ஜெயித்தார். போர்க்களத்தில் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே கொடியின் கீழ். இது அரசியல் இல்லையாம்!

2020 மார்ச்சை நாம் மறக்க முடியுமா? ஊரடங்கு அறிவித்த நாலாம் நாள், மார்ச் 28-ல், அந்தப் பழைய தொடரை மீண்டும் ஒளிபரப்பினார்கள். அதே நாளில் டில்லி ஆனந்த் விஹார் பஸ் நிலையத்தில், வேலையும் சோறும் இழந்த வடநாட்டுக் கூலித் தொழிலாளர்கள் ஊர் போக வழியின்றி ஆயிரக்கணக்கில் குவிந்து நின்றார்கள். செய்தி ஒலிபரப்பு மந்திரியோ தாம் வீட்டிலிருந்து ராமாயணம் பார்க்கும் படத்தை வெளியிட்டார். கண்டனம் எழுந்தவுடன் எடுத்துவிட்டார்.

அதே தூர்தர்ஷன்தான் 1988-ல் பீஷ்ம சாஹ்னியின் நாவலைக் கொண்டு கோவிந்த் நிஹலானி எடுத்த "தமஸ்" தொடரையும் காட்டியது என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. தேசப் பிரிவினையின் போது மதக் கலவரத்தை மூட்டியது யார், வெட்டுப்பட்டது யார் என்பதை ஐந்து மணி நேரத்துக்குள் சொல்லி முடித்தது. தடை கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள். சுப்ரீம் கோர்ட் வரை போய்த் தோற்றார்கள். நடையும் கூடும், உண்மையும் கூடும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இனி நம் வாழ்க்கையின் நடையைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 21-ம் தேதி 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு மூண்டது, 24-ம் தேதி நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சரே அறிவித்தார். பத்தே நாள்! அந்தப் பத்து நாளில் சீரியலில் ஒரு கல்யாணப் பத்திரிகை கூட அச்சாகியிருக்காது. 2025 நவம்பர் 21-ம் தேதி 29 தொழிலாளர் சட்டங்களைத் தள்ளிவிட்டு நான்கு தொகுப்புச் சட்டங்களை டில்லி சர்க்கார் ஒரே நாளில் அமுலுக்குக் கொண்டுவந்தது. அன்று இரவும் பங்களாவில் யாரோ யாருக்கோ பாலில் விஷம் கலந்துகொண்டுதான் இருந்திருப்பார்கள்.

2024 நவம்பரில் ரிலையன்ஸ் முதலாளியும் அமெரிக்க டிஸ்னியும் கைகோத்தபோது விஜய் டிவியும் அந்தக் கூட்டுக் கம்பெனியின் கைக்குள் வந்தது. நூல் விலையும் எண்ணெய் விலையும் நிர்ணயிக்கிறவர்களே நம் வீட்டு மாமியார் - மருமகள் சண்டையையும் நிர்ணயிக்கிறார்கள். இதைப் பெண் தொழிலாளர்களிடம் பேச வேண்டாமா? பெட்டியை அணைத்துவிட்டு வா என்று அதட்டினால் பேசியதாகுமா? முந்தின நாள் பார்த்த காட்சியை எடுத்து, "அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறவனுக்கு என்ன சம்பளம், அக்கா?" என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பஞ்சாலைத் தோழருக்கு ஒன்று சொன்னோம். கூட்டத்தை மாலை 7 மணிக்கு வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் 11 மணிக்கு வையுங்கள். அன்று சோறாக்குவதையும் பிள்ளையைப் பார்ப்பதையும் வீட்டு ஆண் தோழர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதே நோட்டீஸில் அச்சடியுங்கள். தோழர் தலையைச் சொறிந்தார். இரண்டாவது யோசனையைக் கமிட்டியில் வைத்துத்தான் சொல்ல முடியும் என்றார்.