அப்பாவின் நோட்டும் அரை டாங்க் முள்ளும்

ஊருக்குப் போகும்போது பெட்டியில் என்ன எடுத்துப்போவது என்று நாம் ஒரு மாதம் யோசிக்கிறோம். ஊரில் நமக்காக நிற்கிற காரில் பெட்ரோல் முள் வேலை செய்கிறதா என்று யாராவது யோசிக்கிறோமா? நானும் யோசிக்கவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டதால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். போன டிசம்பரில் அப்பா, அம்மா, மனைவி, பையனோடு மறையூரில் இருக்கும் சித்தி வீட்டுக்குக் கிளம்பினேன். மறையூர் இடுக்கி மாவட்டம். ஆனால் கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போக எங்களுக்கு வசதியான வழி பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வெளியேறுவதுதான். (எல்லை போட்டவர்கள் எங்களைக் கேட்டுப் போடவில்லை.)

பொள்ளாச்சியில் அப்பா மெதுவாகக் கேட்டார். "பெட்ரோல் போட்டுக்கலாமா கண்ணு?"

"அரை டாங்க் இருக்குதுங்கப்பா, திரும்பி வரும்போது பார்த்துக்கலாம்" என்றேன். முள் கம்பீரமாக நடுவில் நின்றது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பதாறு சோதனைச்சாவடி தாண்டி, சின்னாறும் தாண்டி, ஏற்றத்தில் வண்டி இரண்டு தடவை இருமியது. பிறகு நின்றது. அது வனவிலங்கு சரணாலயம். யானை வரும் ரோடு. மதியம் இரண்டு மணி, அம்மா சர்க்கரை மாத்திரை போட்டவர், சாப்பிடவில்லை. போனில் சிக்னல் இல்லை. முள் மட்டும் இன்னும் அரை டாங்கிலேயே இருந்தது!

பைக்கில் வந்த ஒரு புண்ணியவான் மறையூர் போய் 2 லிட்டர் வாங்கி வந்து கொடுத்தார். ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில்தான் அப்பா டேஷ்போர்டு டிராயரிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். எந்தத் தேதி எத்தனை லிட்டர், கிலோமீட்டர் எவ்வளவு, எல்லாம் எழுதியிருந்தது. கிளம்பும்போது 6 லிட்டர் என்று அவர் கணக்கு. முள் வேலை செய்யாமல் இரண்டு வருஷமாகிறதாம்.

"ஏன் சொல்லலீங்க?"

"நீ மெஷினெல்லாம் படிச்சவன். முள்ளைப் பார்த்துச் சொல்றே. நான் என்னத்தச் சொல்றது?"

என்னத்தப் பேச!

மறையூரில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். பையனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். அவன் செய்ததைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு முன் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் மீட்டர் போர்டையே மாற்ற வேண்டும், 9 ஆயிரம் ஆகும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள்.

பின் சீட்டைத் தூக்கி, டாங்க் மேல் இருக்கும் கனெக்டரைக் கழற்றினான். சாவியை அணைத்துவிட்டு, மீட்டருக்குப் போகும் ஒயரை பாடியில் தொடுமாறு வைத்துவிட்டுச் சாவி போட்டான். முள் ஒரு கோடிக்கு ஓடியது. ஒயரை எடுத்ததும் மறு கோடிக்கு வந்தது. "மீட்டரு நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா. ஒயரும் நல்லாருக்கு. கோளாறு டாங்குக்குள்ளே." அவ்வளவுதான், 9 ஆயிரம் ரூபாய்க் கேள்விக்கு ஐந்து நிமிஷத்தில் பதில். (பழைய முள் மீட்டர்களுக்குத்தான் இந்தச் சோதனை. கம்ப்யூட்டர் வழியாக ஓடும் புது வண்டிகளில் ஒயரை இப்படித் தொட வைக்காதீர்கள்.)

அடுத்து பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவரை விரட்டிவிட்டு, டாங்க் யூனிட்டை வெளியே எடுத்தான். மிதவை, அதன் கம்பி, கம்பி நகரும்போது ரெசிஸ்டன்ஸ் மாறும் ஒரு பட்டை. இவ்வளவுதான் சங்கதி. கம்பி நடுவில் பசைபோல் பிடித்து நின்றிருந்தது. வருஷத்தில் பதினோரு மாதம் நிற்கிற வண்டி. பழைய பெட்ரோல் பிசினாகிவிடும். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். சுத்தம் செய்து, மல்டிமீட்டர் வைத்துக் கம்பியை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தான். எண் தாவாமல் சீராக மாறியது. தாவினால் பட்டை தேய்ந்துவிட்டது, யூனிட்டை மாற்றத்தான் வேண்டும் என்றான். கூலி 400 ரூபாய்.

பெட்ரோல் மட்டமாக இருந்தாலும் முள் பொய் சொல்லும். 2004 மே மாதம் நான் ஃப்ளோரிடாவுக்கு வந்த புதிது. கந்தகம் கூடுதலாக இருந்த பெட்ரோல் விற்பனையாகி, டாங்குக்குள் இருக்கும் வெள்ளித் தொடுமுனைகள் கெட்டு, ஏராளமான கார்களில் முள் தாறுமாறாகக் காட்டியது. காலி டாங்க்கை நிறைந்த டாங்க் என்று காட்டிய வண்டிகளும் உண்டு. அதையெல்லாம் செய்தியில் பார்த்த நான்தான் சின்னாறில் முள்ளை நம்பினேன்!

என் கட்சி இதுதான். ஊரில் நிற்கும் வண்டிக்கு நாம்தான் பொறுப்பு. இறங்கியதும் 5 லிட்டர் போட்டு முள் நகர்கிறதா என்று பாருங்கள். நகராவிட்டால், மீட்டரை மாற்றச் சொல்பவரிடம் முதலில் டாங்க் ஒயரைச் சோதிக்கச் சொல்லுங்கள். அப்பாக்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். கேட்க வேண்டும்.

எல்லைக்காரர்களுக்கு இன்னொன்று. 2023 ஏப்ரலில் கேரளா லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் போட்டதிலிருந்து, தமிழ்நாட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று டாங்கை வறள விட்டு ஓட்டும் பழக்கம் எங்கள் பக்கம் கூடிவிட்டது. அப்பாவும் அதில் சேர்த்திதான். டாங்குக்குள் இருக்கும் மோட்டார் பம்ப் பெட்ரோலில் மூழ்கித்தான் சூடு தணிகிறது. மிச்சம் பிடித்த ரூபாயெல்லாம் ஒரு பம்பில் போய்விடும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது மாத்திரை, மழைக்கு அடுத்து முள்ளையும் விசாரிக்கிறேன். போன வாரம் கால் டாங்க் காட்டியதாம். நோட்டுக் கணக்குக்கும் அதற்கும் 2 லிட்டர் வித்தியாசம்.

"எதுங்கப்பா சரி?" என்றேன்.

"நோட்டுதான்" என்றார்.