குழந்தைக்காகவா, கட்டணத்திற்காகவா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் வீடுகளில் திட்டங்கள் பிறக்கின்றன. செந்தோசாவுக்கா, ஜொகூருக்கா, கெந்திங் மலைக்கா என்னும் வினா உணவு மேசையில் எழுகிறது. தந்தை கட்டணத்தைக் கணக்கிடுகிறார். தாய் எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்களைக் குறிக்கிறார். மூத்த பிள்ளை எந்தச் சவாரிக்கு முதலில் ஓடவேண்டும் என்று வரைபடத்தில் கோடு போடுகிறான். நான்கு வயதுக் குழந்தையோ அதே மேசைக்கு அடியில் ஒரு காலி அட்டைப் பெட்டியைக் கப்பலாக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறது. யாரை முன்னிட்டு இத்திட்டம் தீட்டப்படுகிறதோ, அந்த ஓர் உயிரைத் தவிர ஏனையோர் அனைவருக்கும் அதில் பங்கிருக்கிறது.

இஃது ஒரு வீட்டின் கதையன்று. ஆயிரம் வீடுகளின் கதை. கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்லும் குடும்பங்களுள் பெரும்பாலானவை குழந்தையை அழைத்துச் செல்வதில்லை, சுமந்து செல்கின்றன. குழந்தையின் பெயரால் செலவு நடக்கிறது. பெரியவர்களின் விருப்பப்படி பயணம் நடக்கிறது. இவ்வழக்கம் களையப்பட வேண்டும்.

வீண்செலவு என்பாருக்கு ஒரு விடை

முதலில் எதிர்த் திசையிலிருந்து வரும் ஒரு குரலுக்கு விடை கூறவேண்டும். "கேளிக்கைப் பூங்காவே வீண்; மேல்நாட்டு மோகம். அந்தப் பணத்திற்குப் புத்தகம் வாங்கலாம்" என்று கூறும் முதியோர் உளர். அவர்தம் அக்கறை மதிக்கத்தக்கது. ஆனால் அவர்தம் வாதம் வரலாற்றின்முன் நில்லாது.

சிங்கப்பூரில் ஜாலான் புசார் வட்டாரத்தில் நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்கா 1923ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டுவிட்டது. சிராங்கூன் சாலையில் வாழ்ந்தோர் நடந்தே அங்குச் செல்ல முடிந்தது. கிரேட் வோர்ல்ட் 1931இல் வந்தது. ஹேப்பி வோர்ல்ட் 1930களின் பிற்பகுதியில் வந்தது. ராட்டினம், நாடகம், திரைப்படம், குத்துச்சண்டை எனப் பலவும் அவ்விடங்களில் இருந்தன. பாசிர் பாஞ்சாங்கில் ஹாவ் பார் வில்லா 1937இல் எழுந்தது. சீனப் புராணக் காட்சிகளைச் சிலைகளாகக் காட்டிய அத்தோட்டத்தின்முன் எல்லா இனத்துக் குழந்தைகளும் வாய்பிளந்து நின்றனர். ஆகவே, இன்று வீண்செலவு என்று முகம் சுளிக்கும் தலைமுறையும் தன் இளமையில் ராட்டினத்தில் சுற்றிய தலைமுறையே. மகிழ்ச்சி குழந்தையின் உரிமை. அதனை மோகம் என்று தூற்றுவது அறமாகாது.

அவ்வாறாயின், அன்றைக்கும் இன்றைக்கும் இடையே மாறியது என்ன? மாறியது மகிழ்ச்சி அன்று, கட்டணத்தின் வடிவம்.

பழைய 'உலகங்களில்' வாயிலில் சிறு தொகை கொடுத்து உள்ளே செல்லலாம். பிறகு எதனை விரும்பினரோ அதற்கு மட்டும் தனியே கொடுக்கலாம். ஒரு குடும்பம் மாலையில் சென்று, குழந்தையை ஒரே ஒரு ராட்டினத்தில் ஏற்றி, கச்சான் வாங்கிக் கொறித்துவிட்டு, இரவுக்குள் வீடு திரும்பலாம். எதையும் இழந்ததாக யாரும் கருதுவதில்லை. இன்றைய பெரும் பூங்காக்களின் முறை வேறு. முழு நாளுக்கும் ஒரே சீட்டு. அதற்குள் சவாரிகள் எல்லாம் அடக்கம். சீட்டை வாங்கிய கணத்திலேயே ஒரு மயக்கம் தொடங்குகிறது. ஏறிய சவாரி ஒவ்வொன்றும் இலாபமாகத் தோன்றுகிறது. ஏறாத சவாரி ஒவ்வொன்றும் நட்டமாகத் தோன்றுகிறது. கொடுத்த பணம் எப்படியும் திரும்பப் போவதில்லை என்னும் எளிய உண்மையை மனம் ஏற்க மறுக்கிறது. அந்த மறுப்பின் விலையை யார் கொடுக்கிறார்? நான்கு வயதுக் குழந்தை கொடுக்கிறது.

அளவுகோல் சொல்லும் பாடம்

ஒரு நாளை எண்ணிப் பார்க்கலாம். செந்தோசாவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் 2010ஆம் ஆண்டில் முதன்முதலாக வருகையாளர்களை ஏற்றது. அங்கே புகழ்பெற்ற மம்மி சவாரிக்குக் குறைந்தது 122 செ.மீ. உயரம் வேண்டும். நீலமும் சிவப்புமாகப் பின்னிச் செல்லும் இரட்டை ரோலர் கோஸ்டருக்கு 125 செ.மீ. வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவுகளின்படி, நான்கு வயது நிறைந்த குழந்தையின் நடுத்தர உயரம் ஏறத்தாழ 103 செ.மீ. ஆகும். 122 செ.மீ. உயரத்தை எட்ட ஏறத்தாழ ஏழு வயதாக வேண்டும். இக்கணக்கு இரகசியமன்று. பூங்காக்கள் இவ்வளவுகளை வெளிப்படையாகவே அறிவிக்கின்றன. வீட்டுச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துப் பார்த்தால் ஐந்து நிமிடங்களில் தெரிந்துவிடும்.

ஆனாலும் எத்தனை பெற்றோர் அக்கோட்டைக் கிழிக்கின்றனர்? வரிசையில் நெடுநேரம் நின்ற பிறகு அளவுகோலின்முன் குழந்தையை நிறுத்துகின்றனர். "நிமிர்ந்து நில், குதிகாலைத் தூக்கு" என்று காதில் ஓதுகின்றனர். பணியாளர் தலையசைத்து மறுக்கிறார். குழந்தை அழுகிறது. தன் உடல் வளர்ந்தது போதாது என்பதையே ஒரு குற்றமாக அக்குழந்தை அன்று கற்றுக்கொள்கிறது. அளவுகோல் குழந்தையைக் காக்க வந்தது. அதனை அவமானத்தின் கோலாக்கியது திட்டமிடாத பெரியவரே.

உறக்கத்தின் கதையும் இதுவே. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அந்நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. பகலுறக்கமும் அதனுள் அடங்கும். வீட்டில் இருக்கும்போது நண்பகலில் கண்ணயரும் குழந்தையை, பூங்காவில் நண்பகல் வெயிலில் தோளில் தட்டி எழுப்புகின்றனர். நிலநடுக்கோட்டிற்கு அருகிலுள்ள இந்நாடுகளில் வெயில் காய்வதும், பிற்பகலில் இடியும் மின்னலுமாக மழை கொட்டுவதும் புதுமையல்ல. மின்னல் வந்தால் திறந்தவெளிச் சவாரிகள் நிறுத்தப்படும் என்பதும் புதுமையல்ல. இவை யாவும் அறிந்திருந்தும், காலை முதல் இரவு வரை ஒரு நொடியும் வீணாகாதபடி திட்டம் தீட்டுவோர், குழந்தைக்குத் தீட்டவில்லை; சீட்டுக்குத் தீட்டுகின்றனர். மாலை நான்கு மணிக்கு அழுது புரளும் குழந்தையைப் பார்த்து, "இவ்வளவு செலவு செய்து அழைத்து வந்தேனே, நன்றி இல்லையா?" என்று சீறுகின்றனர். நன்றி கெட்டது குழந்தை அன்று. அதன் உடல் உண்மையைச் சொல்கிறது; அவ்வளவே.

வாயிலில் பிறக்கும் பொய்

இவற்றினும் பெரிய கேடு ஒன்று வாயிலிலேயே நிகழ்கிறது. மேற்கூறிய செந்தோசாப் பூங்காவில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சீட்டு வேண்டியதில்லை. நான்கு வயது நிறைந்தால் சிறுவர் சீட்டு வாங்கவேண்டும். எனவே, பிறந்தநாள் கொண்டாடிச் சில திங்களே ஆன குழந்தையிடம், "யாராவது கேட்டால் மூன்று வயது என்று சொல், கண்ணு" என்று வண்டியிலேயே பாடம் நடத்தும் பெற்றோர் உளர்.

அக்குழந்தை நான்கு விரல்களைக் காட்டப் பழகியது அண்மையில்தான். பிறந்தநாளன்று எல்லோர் முன்னிலையிலும் அந்த நான்கு விரல்களைப் பெருமையோடு உயர்த்தியது; கைதட்டல் பெற்றது. இன்று ஒரு விரலை மடக்கச் சொல்கிறார் தந்தை. ஏன் மடக்க வேண்டும் என்பது அதற்கு விளங்கவில்லை. ஆனால், வேண்டும்போது உண்மையை மடக்கலாம் என்பது மட்டும் நன்றாக விளங்கிவிடுகிறது. திங்கட்கிழமை அதே குழந்தையின் அண்ணனுக்குப் பள்ளியில் வாய்மை என்னும் அதிகாரத்தை ஆசிரியர் விளக்குகிறார். பத்துக் குறள்களை ஒப்பிக்கச் செய்வதற்கு ஓர் ஆசிரியர் படும் பாட்டை, ஒரு சீட்டின் விலைக்கு ஒரு தந்தை அழித்துவிடுகிறார். இதனைச் சிக்கனம் என்பார் இருக்கலாம். பிள்ளையின் வாய்மையை விற்றுச் சேர்க்கும் காசு சிக்கனத்தில் சேராது.

ஏழைக் குடும்பத்தின் நியாயம்

"வசதியுள்ளோர் இப்படிப் பேசலாம், ஆண்டு முழுவதும் சேமித்து ஒரே ஒருநாள் போகும் தொழிலாளி ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணத்தானே செய்வார்?" என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினா. அதனைத் தள்ளிவிட இயலாது. ஈப்போவிலிருந்தோ சிரம்பானிலிருந்தோ விடியுமுன் பேருந்தேறி வரும் குடும்பத்திற்கு, நண்பகலில் எழுந்து வீடு திரும்பு என்று கூறுவது எளிய அறிவுரை அன்று.

ஆனால், பணம் அரிதாக இருக்கும் இடத்தில்தான் இடத்தையும் காலத்தையும் தேர்ந்தெடுக்கும் அறிவு மிகுதியாக வேண்டும். முதற் கேள்வி, 'எந்தப் பூங்கா பெரியது?' என்பதன்று, 'இந்தக் குழந்தைக்கு இந்த வயதில் எது பொருந்தும்?' என்பதே. ஜொகூரில் 2012இல் திறக்கப்பட்ட லெகோலேண்ட் சிறு பிள்ளைகளை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. வெட்டப்பட்ட ஈயச்சுரங்க நிலத்தில் 1993இல் எழுந்த சன்வே லகூனில் சிறுவர்க்கு ஆழமற்ற நீர்ப்பகுதி உண்டு. 1973இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்தில் யானையைப் பார்க்க எந்த உயரமும் வேண்டியதில்லை. ஹாவ் பார் வில்லாத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க இன்று கட்டணமே இல்லை. 1990இல் அதனைப் புதுமைச் சவாரிகள் நிறைந்த கட்டணப் பூங்காவாக்கிப் பார்த்தனர், அம்முயற்சி நிலைக்கவில்லை, பழைய சிலைகளே நின்றன. பெரும் சவாரிகளைக் கொண்ட பூங்காதான் வேண்டுமெனில், குழந்தைக்கு ஏழு வயதாகும் வரை காத்திருக்கலாம். சேமிப்பும் கூடும், உயரமும் கூடும்.

பெரிய பூங்காவுக்கே இப்போது செல்வதெனினும் வழியில்லாமல் இல்லை. குழந்தை ஏறக்கூடிய சவாரிகளுள் மூன்றனை மட்டும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம். அவற்றை வெயில் ஏறுமுன் முடிக்கலாம். நண்பகலில் குளிர்ந்த உள்ளரங்கில் அமர்ந்து, தள்ளுவண்டியில் குழந்தையை உறங்க விடலாம். மூத்த பிள்ளையோடு தந்தை ஒரு சவாரிக்குச் செல்லும்போது தாய் இளையவனோடு இருக்கலாம், பிறகு மாறிக்கொள்ளலாம். இவ்வாறு மாறிக்கொள்வோர் மறுபடியும் வரிசையில் நிற்கத் தேவையில்லாத வழக்கம் பல பூங்காக்களில் உண்டு. மாலையில் குழந்தை 'இன்னொரு முறை' என்று கேட்டால், புதிய சவாரியைத் தேடி ஓடாமல் அதே ராட்டினத்தில் மீண்டும் ஏற்றலாம். கண்டதையே காண்பதும் கேட்டதையே கேட்பதும்தான் குழந்தையின் இன்பம். பத்தொன்பது சவாரிகளில் ஏற்றினோம் என்பது பெரியவரின் பெருமை.

மகிழ்ச்சிக்கு எந்த மொழி?

தமிழாசிரியர்கள் கருதவேண்டிய ஒன்று எஞ்சியிருக்கிறது. சிங்கப்பூரில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியர்களுள் வீட்டில் பெரிதும் ஆங்கிலம் பேசுவோர் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பத்தில் நால்வராக இருந்தனர். 2020ஆம் ஆண்டில் பத்தில் அறுவராயினர். இம்மாற்றத்தின் ஒரு சிறு வாயிலைப் பூங்காவில் காணலாம். "தொடாதே", "ஓடாதே", "பேசாமல் இரு" என்பன தமிழில் வருகின்றன. வியப்பும் கொண்டாட்டமும் ஆங்கிலத்தில் வருகின்றன. அதட்டலுக்குத் தமிழ், ஆனந்தத்திற்கு ஆங்கிலம் என்று பிரித்துக் கொடுத்தால், எந்த மொழியைக் குழந்தை தன் நெஞ்சில் வைத்துக்கொள்ளும்? தமிழ் தேயும் இடம் வகுப்பறை மட்டுமன்று. ராட்டினத்தின் அடியிலும் அது தேய்கிறது.

பள்ளிக்கும் இதில் பங்குண்டு. விடுமுறை முடிந்ததும் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை கேட்கின்றனர். மாணவர் என்ன எழுதுகின்றனர்? கதிரவன் பொற்கதிர் பரப்புகிறான், பறவைகள் பண்ணிசைக்கின்றன, அனைவரும் மகிழ்ச்சிக் கடலில் மூழ்குகின்றனர். அழுத தம்பி அக்கட்டுரையில் இல்லை. மடக்கிய விரல் இல்லை. அளவுகோல் இல்லை. மனப்பாடத் தொடர்களுக்கு மதிப்பெண் கொடுக்கும் ஆசிரியரும், வாயிலில் வயதைக் குறைக்கும் தந்தையும் வெவ்வேறு இடங்களில் நின்று ஒரே பாடத்தையே நடத்துகின்றனர்: கண்டதைக் கூறாதே, பயன்படுவதைக் கூறு.

இதனை மாற்றுவது அரிதன்று. 'உன் தம்பிக்கு அன்று எது பிடித்தது, எது பிடிக்கவில்லை? ஏன்?' என்று ஆசிரியர் கேட்கட்டும். அவ்வினாவுக்கு மனப்பாட விடை கிடையாது. மாணவன் நினைத்துப் பார்க்க வேண்டும்; தமிழில் சொல் தேட வேண்டும். தேடும் சொல்லே அவனுக்குச் சொந்தமாகும். அக்கட்டுரையைப் படிக்கும் பெற்றோரும் அடுத்த விடுமுறைக்கு முன்னர்ச் சிறிது சிந்திப்பர்.

அடுத்த விடுமுறையும் வரும். திட்டம் தீட்டும் பெற்றோர் வரைபடத்தை விரிக்குமுன் மேசைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்க்கட்டும். அங்கே ஒரு குழந்தை, சீட்டும் வரிசையும் இன்றி, அட்டைப் பெட்டிக் கப்பலில் கடல் கடந்துகொண்டிருக்கும். எங்கே போகிறாய் என்று அதனைத் தமிழில் கேட்கட்டும். அதன் விடையிலிருந்து திட்டம் தொடங்கட்டும்.