வைக்கோல் பெட்டியின் நியாயம்

வட ஐரோப்பாவில் பனி விழத் தொடங்கும் பருவத்தில் சிக்கனக் குறிப்புகளும் மனமலர்ச்சிக்கான அறிவுரைகளும் செய்தித்தாள்களில் பெருகுவது வழக்கம். இவ்வாரமும் அவை வந்துவிட்டன, உச்சியில் மணிமுடி பொறித்த சிவப்பு நிறப் பிரிட்டன் சுவரொட்டியின் படமும் வழக்கம்போல் அவற்றுக்குத் துணையாக வந்துவிட்டது. அமைதி காத்துப் பணியைத் தொடருமாறு குடிமக்களைப் பணிக்கும் அந்த வாசகம் தேநீர்க் குவளையிலும் துணிப்பையிலும் தலையணை உறையிலும் ஏறி உலகைச் சுற்றுவது குறித்து இப்பத்தி முன்னரும் முறையிட்டுள்ளது. தொடர்ந்து படித்துவருவோர் இன்னும் ஒரு முறை பொறுத்தருள வேண்டும்.

முறையீட்டின் காரணம் எளிது: போர்க்கால மக்களைத் தாங்கி நிறுத்தியதாகக் கொண்டாடப்படும் அந்தச் சுவரொட்டியை அம்மக்களில் மிகப் பெரும்பாலோர் கண்ணால் கண்டதே இல்லை. 1939இல் ஏறக்குறைய 24.5 லட்சம் படிகள் அச்சிடப்பட்டு, பெருங்குண்டுவீச்சு நேர்ந்தால் ஒட்டலாம் என்று கிடங்கில் வைக்கப்பட்டிருந்த அது, மறு ஆண்டே காகிதத் தட்டுப்பாட்டில் கூழாக்கப்பட்டது. 2000இல் ஆனிக் என்னும் ஊரிலுள்ள பழைய புத்தகக் கடையில், ஏலத்தில் வந்த நூல்களுக்கிடையே ஒரு படி அகப்பட்ட பின்னரே அதற்குப் புகழ் வந்தது. உண்மையில் ஊரெங்கும் ஒட்டப்பட்டது அதே வரிசையில் வந்த வேறொன்று. மக்களின் துணிவும் மலர்ச்சியும் மனவுறுதியும் வெற்றி தேடித்தரும் என்று கூறிய அந்த வாசகம், பாடுபடுவது மக்கள் என்றும் வெல்வது மேலிடத்தார் என்றும் தொனித்ததால் அக்காலத்திலேயே கண்டனத்துக்கு உள்ளானது. மலர்ச்சியை வரியாக விதித்து வசூலிக்க முயன்ற அரசுக்கு அது தகுந்த விடையே.

இதற்கு நேர்மாறான நேர்மை, இப்பத்தி அளவுக்கு மீறிப் புகழ்ந்துவரும் ஒரு நூலில் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் எம். எஃப். கே. ஃபிஷர் 1942இல் வெளியிட்ட 'ஹவ் டு குக் எ வுல்ஃப்', வாசலில் வந்து நிற்கும் ஓநாயை, அதாவது ஆங்கில வழக்கில் வறுமையை, எவ்வாறு சமைத்து உண்பது என்று கேட்கும் சமையல் நூல். பட்டினியிலும் மலர்ச்சியாக இருப்பது எப்படி என்றே அதில் ஓர் இயலுக்குத் தலைப்பு. அவ்வியலின் நாயகி, கடலோரப் பாறைமேட்டில் சிறு வீடொன்றில் வாழ்ந்து, தானே பறித்துவந்த தழைகளை விருந்தினருக்கு விருப்பத்தோடு பரிமாறிய ஓர் ஏழைப் பெண்மணி. அவர் யாருக்கும் அறிவுரை கூறுவதில்லை. ஃபிஷரும் அவரைப் பின்பற்றுமாறு எவரையும் வற்புறுத்துவதில்லை. கையில் காசே இல்லாதவர் என்ன செய்வது என்ற கேள்விக்கு, முதலில் சிறிது கடன் வாங்குங்கள் என்று தொடங்கி, கொத்திய இறைச்சியையும் தானியத்தையும் மலிவான காய்கறிகளையும் ஒன்றாகக் குழைய வேகவைக்கும் முறையைச் சொல்லி, அது சுவைக்காக அன்று, உயிர் தரிப்பதற்காகவே என்று ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். 1951இல் வந்த திருத்திய பதிப்பில் தம் பழைய வரிகளோடு தாமே அடைப்புக்குறிக்குள் சண்டை பிடிப்பது நூலின் தனி இன்பம்.

ஆணையிடப்பட்ட மலர்ச்சி எந்த அளவுக்குத் தாங்கும் என்பது போரில் அன்று, போர் முடிந்த பின் வந்த 1947ஆம் ஆண்டுக் குளிரில்தான் தெரிந்தது. சனவரி 22 முதல் மார்ச்சு 17 வரை பிரிட்டனின் ஏதேனும் ஒரு பகுதியில் நாள்தோறும் பனி பெய்தது. அவ்வாண்டின் முதல் நாளன்று நாட்டுடைமையாக்கப்பட்டிருந்த நிலக்கரி சுரங்க வாயிலில் குவிந்து கிடக்க, தண்டவாளங்கள் பனியில் புதைந்தமையால் மின்நிலையங்களுக்கு அது போய்ச் சேரவில்லை. எரிபொருள் அமைச்சர் இமானுவேல் ஷின்வெல் பிப்ரவரி 7 அன்று நாடாளுமன்றத்தில் மின்வெட்டை அறிவித்தார். தொழிற்சாலைகள் மூடப்பட்டு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் தற்காலிகமாக வேலையிழந்தனர். போர்க்காலத்தில்கூடப் பங்கீட்டுக்கு வராத ரொட்டி 1946 சூலை முதலே பங்கீட்டில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சி நிறுத்தப்பட்டது, வார இதழ்கள் இரண்டு வாரம் வெளிவரக் கூடாது என்று தடுக்கப்பட்டன. பத்தியாளர்களின் அறிவுரை இல்லாமலே அந்நாட்டு மக்கள் அவ்விரு வாரங்களைக் கடந்துவிட்டனர் என்பது இத்தொழிலில் உள்ளோர் அறியவேண்டிய செய்தி.

அக்காலத்து மக்கள் வானொலியில் விரும்பிக் கேட்ட 'இட்மா' என்னும் நகைச்சுவை நிகழ்ச்சியில், 1946 முதல் மோனா லாட் என்றொரு சலவைக்காரி வந்தாள். குடும்பத்துக்கு நேர்ந்த துயரங்களையெல்லாம் ஒப்பாரிக் குரலில் அடுக்கிவிட்டு, இத்தனை மலர்ச்சியாக இருப்பதால்தான் தன் பிழைப்பு ஓடுகிறது என்று அதே அழுகுரலில் அவள் முடிப்பாள். நாடு விழுந்து விழுந்து சிரித்தது. சுவரொட்டி கேட்டு வாங்க முடியாத சிரிப்பை, சுவரொட்டியின் கோரிக்கையையே கேலிக்குரியதாக்கிய ஒரு பாத்திரம் எளிதில் பெற்றுவிட்டது.

அந்த மின்வெட்டு வீடுகளைத் தொட்ட நேரங்கள் இரண்டு: காலை 9 முதல் 12 வரை, பிற்பகல் 2 முதல் 4 வரை. அதாவது, மதிய உணவு அடுப்பில் இருக்கவேண்டிய நேரமே பறிபோயிற்று. இத்தகைய நெருக்கடிக்கென்றே அமைந்ததுபோன்ற கருவி ஒன்று உண்டு. போர்க்காலத்தில் உணவு அமைச்சகமே மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த வைக்கோல் பெட்டி அது. மரப்பெட்டி ஒன்றில் வைக்கோலை இறுக அடைத்து, நடுவில் பாத்திரம் கச்சிதமாக அமரும் அளவுக்குக் குழி செய்து, கொதித்துக்கொண்டிருக்கும் பாத்திரத்தை மூடியோடு அதில் இறக்கி, மேலே வைக்கோல் திணித்த மெத்தையை வைத்து மூடிவிட்டால், எரிபொருள் ஏதுமின்றி உணவு தானே வெந்துவிடும்.

இதில் மாயம் ஏதுமில்லை. குழம்பு கொதிநிலையை எட்டிய பின்னர் அடுப்பு செய்யும் வேலை, பாத்திரத்தின் சுவர் வழியே காற்றுக்குக் கசியும் வெப்பத்தை ஈடுசெய்வதே. கசிவைத் தடுத்துவிட்டால் ஈடுசெய்யும் தேவையும் குறைந்துவிடுகிறது. வைக்கோல் தண்டுகளுக்கு இடையே சிறைப்பட்ட காற்று அசைய இயலாததால் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்துகிறது. இதற்கு வெப்பக் காப்பு என்று பெயர். கிழங்கும் பருப்பும் வேகத் தொடர் கொதிப்பு தேவையில்லை, கொதிநிலைக்குச் சற்றுக் கீழான சூட்டில் நீண்ட நேரம் கிடந்தாலே போதும். ஆயினும் பாத்திரம் நிறைந்திருக்க வேண்டும். அரைப் பாத்திரத்தின் சூடு விரைவில் ஆறிவிடும் என்பதால், இருவர் கொண்ட வீட்டைவிட எண்மர் கொண்ட வீட்டுக்கே இப்பெட்டி அதிகம் பயன்படும். சிக்கனக் கருவிகளில் பெரும்பாலானவை தனியாளுக்குக் கைகொடுப்பதில்லை என்பதை அறிவுரைப் பட்டியல்கள் சொல்வதே கிடையாது.

பெட்டி பழையது, நார்வே நாட்டவரான யோஹான் சோரென்சென் இதன் மேம்பட்ட வடிவத்தை 1867ஆம் ஆண்டுப் பாரிசு உலகக் கண்காட்சியில் காட்சிக்கு வைத்தார். குளிர் நாட்டுக்கு மட்டும் உரியதும் அன்று. அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்லும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், வைக்கோலுக்குப் பதில் வேறு காப்புப் பொருள் வைத்து இதே தத்துவத்தில் பெட்டி செய்து, சூடு ஆறாத பெட்டி என்ற பொருளுடைய மலையாளப் பெயரிலேயே வீடுதோறும் பரப்பியது. புகையில்லா அடுப்பையும் பரப்பிய அவ்வமைப்பு விறகைச் சேமியுங்கள் என்ற முழக்கத்தோடு நின்றுவிடாமல், சேமிக்கும் பொருளைச் செய்து கையில் கொடுத்தது. ஏழை வீட்டுக்குச் சிக்கனத்தைப் பற்றி எவர் பேசலாம் என்பதற்கு இப்பத்தி ஏற்கும் தகுதி அது ஒன்றே.

முயன்று பார்க்க விரும்பும் வாசகர்கள் ஊறவைத்த கொண்டைக்கடலையில் தொடங்குவது நல்லது. ராஜ்மாவாக இருந்தால் அதன் நஞ்சு முறிவதற்காகக் குறைந்தது 10 நிமிடமேனும் அடுப்பில் நன்கு கொதித்த பின்னரே பெட்டிக்குள் போக வேண்டும். இடையில் திறந்து பார்த்தால் சேமித்த வெப்பம் வெளியேறிவிடும். சூடு 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கிருமிகள் பெருகும் என்பதால், வெளியே எடுத்ததும் ஒரு முறை கொதிக்கவைத்தே உண்ண வேண்டும்.