விழுந்த மரத்துக்கும் விலை உண்டு

மிளகாய் வத்தல் மூட்டை வந்து இறங்கினால் நாம் முதலில் ஒரு பிடி அள்ளிக் குலுக்கிப் பார்க்கிறோம். சலசலவென்று சத்தம் கேட்டால்தான் காய்ச்சல் சரி என்று பணத்தை எண்ணுகிறோம். இந்தப் புத்தியை மரப்பாத்திரம் வாங்கும்போது நான் மறந்துவிட்டேன். மலையிலிருந்து வந்த கடைசல் கிண்ணங்கள் இருபதை, மலிவாயிற்றே என்று வாங்கிக் கடையில் அடுக்கினேன். சித்திரை வெயிலில் பாதிக்கு மேல் வாய் பிளந்தன. நஷ்டம் போகட்டும், கடையின் பெயர் என்னாவது?

கடைசல்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவசரப்படுத்தியதும் அடிமாட்டு விலைக்குக் கேட்டதும் நான்தான்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கொடைக்கானல் மலையில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. புயல் இல்லாத ஆண்டிலும் பேத்துப்பாறை போன்ற மலைக் கிராமங்களில் மழைக்காற்றுக்கு மரம் விழாமலிருப்பதில்லை. விறகாக எடை போட்டால் அதற்குக் கிடைப்பது சொற்பம். அதே கட்டை கடைசல் பட்டறைக்குப் போனால் கிண்ணமாகும், மத்தாகும், நம் பாட்டிமார் உப்பும் புளியும் வைத்திருந்த மரவையாகும்.

ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். பச்சை மரம் உலரும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வளையத்தின் போக்கில் ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும், வெடிப்பு அதனால்தான். விவரம் தெரிந்தவர்கள் நடுத்தண்டை நீக்கிவிட்டு, பத்து அங்குலக் கிண்ணத்துக்கு ஓர் அங்குல கனம் விட்டு முதலில் கடைவார்கள். மாதக்கணக்கில் நிழலில் உலர்த்தி, மறுபடி கடைந்து மெருகேற்றுவார்கள். இன்று அறுத்த கட்டை காசாக ஆறு மாதமாகலாம். அதுவரை அவர் அடுப்பு எப்படி எரியும்?

இங்கேதான் நம் கடமை வருகிறது. வெல்லத்துக்கும் புளிக்கும் முன்பணம் கொடுக்கும் நாம் கடைசல்காரருக்கும் கொடுக்கலாமே! ஒருவரால் இயலாவிட்டால் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து கொடுக்கலாம். சரக்கு வந்ததும் தராசில் வைத்து, எடையை அடியில் பென்சிலால் குறித்துவையுங்கள். பதினைந்து நாள் கழித்து மறுபடி நிறுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் ஈரம் போகவில்லை, விற்காதீர்கள்.

இன்னொன்று. மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். ‘விழுந்த மரம்’ என்ற பெயரில் வெட்டிய மரமும் வரலாம். எந்தத் தோட்டத்துக் கட்டை, என்ன சீட்டு இருக்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லாத சரக்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பிளாஸ்டிக் டப்பா இருக்க இதை யார் வாங்குவார் என்பீர்கள். கல்சட்டியும் இரும்புத் தோசைக்கல்லும் மறுபடி கடைக்கு வந்தது நம் கண் முன்னால்தானே? அம்பாசமுத்திரத்துக் கடைசல் சொப்புச் சாமானுக்குப் பெயர் வந்ததில் அதை விற்ற கடைகளுக்கும் பங்குண்டு. மலைக் கட்டைக்கும் அந்தப் பெயரை வாங்கித் தருவது நம் கையில் இருக்கிறது. காய்ந்த சரக்கு, நியாயமான விலை: இரண்டையும் காப்பாற்றுவோம்.