பூட்டன் பிறந்த சீட்டு எங்கே?

இலங்கையிலேயே உயரமான இரயில் நிலையம் பட்டிப்பொல. அந்த மலைநாட்டைத் தேயிலையாக்கிய தொழிலாளியைப் பார்த்து, “நீ யார்?” என்று கேட்டது 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம்!

இங்கே பிறந்தது போதாதாம். தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இன்றேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். அத்தாட்சி? பிறப்புப் பதிவு கட்டாயமானதே 1897இல்! சட்டம் செய்த சீமான்கள் தங்கள் பூட்டனார் சீட்டைக் காட்டியிருப்பார்களா?

1949இல் இன்னொரு சட்டம்; மனுப்போட இரண்டே ஆண்டு. தொழிலாளி ஒரு நாள் பேரை இழந்து புரொக்டரிடம் போனான். இல்லாத தாளை அவர்தாம் எங்கிருந்து எடுப்பார்? செக்ரோலோ துரையின் கந்தோரில்! வல்ல வழக்கறிஞர்கள் வாதாடிய கோடகன் பிள்ளை வழக்கும் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1953இல் தோற்றது. 1964இல் இரு பிரதமர்கள், 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கிட்டனர். பங்கிடப்பட்டவனை எவர் கேட்டார்?

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழியினருக்கும் உரிமை தந்தது. ஆகவே, இனி எந்தக் கந்தோரிலேனும் பாட்டனின் பிரஜாவுரிமைச் சீட்டைக் கேட்டால் தலைகுனிந்து திரும்பாதீர், தோழர்களே! “எந்தச் சட்டம், எந்தப் பிரிவு? எழுத்தில் தாருங்கள்” என்று கேளுங்கள். மறுத்தால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். ஏழைக்கு அங்கே வழக்கறிஞர் கூலி இல்லை.