மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்!

14,75,73,95,25,89,67,64,12,927.

இருபத்தொரு இலக்கம் கொண்ட எண் இது. 2 என்பதை 67 தடவை எழுதி, எல்லாவற்றையும் பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும்.

இது பகா எண்ணா? அதாவது, ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணா?

"ஆம்" என்றார் பிரெஞ்சுப் பாதிரியார் மெர்சென். 1644-ல் அவர் வெளியிட்ட பகா எண் பட்டியலில் இதற்கும் இடம் கிடைத்தது. பெரியவர் சொல்லிவிட்டார், தீர்ப்பு 232 ஆண்டுகள் நின்றது!

1876-ல் லூக்காஸ் என்ற பிரெஞ்சுக் கணித நிபுணர், இது பகா எண் அல்ல என்று நிரூபித்தார். ஆனால் இதை வகுக்கும் எண் எது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குள் திருடன் இருப்பது நிச்சயம். எந்த அறையில் என்றுதான் தெரியாது!

திருடன் பிடிபட்டது 1903-ல். அந்த ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதச் சங்கத்தில் கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியர் கோல் எழுந்தார். வாய் திறக்காமல் கரும்பலகையில் இந்த எண்ணைக் கணக்கிட்டு எழுதினாராம். பக்கத்தில் 19,37,07,721 என்பதை 7,61,83,82,57,287 என்பதால் பெருக்கிக் காட்டினாராம். இரண்டு விடையும் ஒன்றே! சபை கைதட்டியது. எவ்வளவு காலம் பிடித்தது என்று பிற்பாடு கேட்டபோது, "மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்" என்றாராம். கணித வட்டாரத்தில் வழங்கும் கதை இது.

வேலை லேசானதல்ல. இந்த எண்ணை வகுக்கும் எண் எதுவானாலும், அதை 134-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்பது விதி. 135, 269, 403 என்று போகும் அந்த வரிசையில் கோல் கண்ட எண் 14,45,580-வது! ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆயுள் போதாது. ஆகவே மேலும் பல சல்லடைகள் போட்டுச் சலித்தார்.

இத்தனை பாடுபட்டு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர் உண்டு. இன்று கம்ப்யூட்டர் இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடும். ஆனால், பெருக்குவது சுலபம், பிரிப்பது கஷ்டம் என்ற இதே உண்மையின்மீதுதான் 1977-ல் மூன்று நிபுணர்கள் ஒரு ரகசியப் பூட்டை அமைத்தார்கள். அதில் இன்று பயன்படும் எண்களுக்கு 600 இலக்கங்களுக்கு மேல்! அவற்றைப் பிரிக்க எந்தக் கம்ப்யூட்டராலும் இதுவரை முடியவில்லை.

கோலுக்கு இந்தப் பூட்டைப் பற்றித் தெரியாது. அவர் செய்த சேவை வேறு. மெர்சென் சொன்னதை நம்பத்தான் முடியும். லூக்காஸ் சொன்னதைப் படித்தவர்தாம் சரிபார்க்க முடியும். கோல் காட்டியதையோ, பெருக்கல் தெரிந்த பள்ளிப் பிள்ளை பென்சிலும் காகிதமும் கொண்டு சோதித்துவிடலாம்!

ஆசிரியர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்கட்டும். சூத்திரத்தை மனப்பாடம் செய்பவன் பரீட்சையில் தேறுவான். "நானே பெருக்கிப் பார்த்தேன்" என்று சொல்லும் பிள்ளை, நாளைக்கு எந்தப் பெரியவர் எதைச் சொன்னாலும் கணக்குக் கேட்பான். நாட்டுக்கு வேண்டியவன் அவன்தான்!